குடை வரைந்த இடம்

டீச்சர்,

இன்று காலை வருகைப் பதிவேட்டை எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஒரு மூலையில் கொஞ்சம் அழிரப்பர் துகள் கிடந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாங்குகிற ரப்பரில் எல்லாம் ஸ்ட்ராபெரி வாசனை வருமே, அந்த வாசனை. இரண்டு மாதமாக இழுப்பறைக்குள் அப்படியே அடைந்து கிடந்திருக்கிறது. கையால் கூட்டி ஜன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். விரலில் இருந்து வாசனை போகவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் செய்த தப்பு அது. வேறு யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் பாதியைத்தான் நம்புவார்கள், மீதிப் பாதிக்கு என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நீங்கள் இருந்திருந்தால் "ஏட்டி, கோவக்காரி, மொதல்ல தண்ணியக் குடி" என்று சொல்லியிருப்பீர்கள். பதினாலு வருஷம் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் இருந்தும் நான் உங்களை "ஏனுங்க டீச்சர்" என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் வந்த முதல் வாரமே என்னை "ஏட்டி" ஆக்கிவிட்டீர்கள். இந்தப் பக்கத்தில் யாராவது என்னை அப்படிக் கூப்பிட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். உங்கள் தெற்கத்திப் பேச்சில் அது கேட்க நன்றாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டருகில் நின்று சொன்னீர்கள்: "திங்கக்கிழம ஒரு விசயம் காட்டணும்ட்டி. பள்ளிக்கூடம் விட்டதும் என்கூட வா." நான், "என்னங்க, மீன் கொழம்பு கொண்டுட்டு வர்றீங்களா?" என்று கிண்டல் செய்தேன். சிரித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் புறப்பட்டு நிற்கையில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை உங்கள் மூன்றாம் வகுப்பையும் என் நான்காம் வகுப்போடு சேர்த்து என் தலையில் வைத்தார்கள்.

மூன்றாம் வகுப்புக்குத் திசைகளும் வரைபடமும் நடந்துகொண்டிருந்தன. நீங்கள் திசை சொல்லிக் கொடுத்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். காலையில் மைதானத்தில் பிள்ளைகளைச் சூரியனைப் பார்த்து நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லுவீர்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லுவீர்கள். "பாத்திரப் பட்டற சத்தம் எந்தப் பக்கம் கேக்கு?" எல்லாப் பிள்ளையும் கையைத் தெற்கே நீட்டும். தட்டுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நம் பிள்ளைகளுக்குத் திசை தப்பாது என்பீர்கள். புத்தகத்தில் இல்லாத பாடம் அது.

அடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியை ஆளுக்கொரு படமாக வரையச் சொன்னீர்கள். நீலம் தண்ணீர், பச்சை மரம், சிவப்பு பஸ் போகிற ரோடு. அதோடு விட்டீர்களா? ஒவ்வொரு பிள்ளையோடும் சாயங்காலம் அதன் வீடு வரைக்கும் நடந்து, படம் சரியா என்று பார்த்தீர்கள். பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நீங்கள், பின்னால் வால் மாதிரி பிள்ளைகள். "டிஸ்ட்ரிக்ட் கலெக்டரே இப்பிடி ஊர் சுத்த மாட்டாருங்க" என்று நான் சொன்னதற்கு, "படம் சரியான்னு பாக்கணும்லா" என்றீர்கள்.

நீங்கள் போய் மூன்று வாரம் ஆனது. பாடத்தை முடிக்க வேண்டுமே என்று, வழியை மறுபடி ஒருமுறை புதுசாக வரையச் சொன்னேன். வரைந்து கொடுத்த படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். பதினோரு படங்களில் ஒரே இடத்தில் ஒரே குறி இருந்தது. ஒரு கோட்டு ஆள். தலைக்கு மேலே அரை வட்டமாகக் குடை. பள்ளிக்கூடத்துக்கும் கம்பெனி ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கும் நடுவில், மூடிக் கிடக்கிற பழைய சாயப்பட்டறை இருக்கிறதே, அதன் காம்பவுண்டுக்குள்.

"இது யாரு?" என்றேன்.

"குடை டீச்சருங்க."

பதினோரு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"அவங்க எதுக்கு அங்க இருக்காங்க?"

"அங்கதாங்க நிப்பாங்க."

"முன்னாடி நின்னாங்களா?"

"இப்பவுந்தாங்க."

அதைப் பயந்துகொண்டு சொல்லவில்லை அந்தப் பிள்ளைகள். ஆல மரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லுகிற மாதிரி சொன்னார்கள். அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அதில் ஒரு படம் யாழினியுடையது. சேவூரிலிருந்து புதிதாக வந்த பிள்ளை. அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, லைன் வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். அவளைப் பள்ளியில் சேர்த்ததே உங்கள் காரியம் முடிந்த மறுவாரம்தான். உங்களை அவள் பார்த்ததே இல்லை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வரைந்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு படத்தைக் கிட்டே பார்த்தேன். குடையின் வலது ஓரத்தில் ஒரு கம்பி மட்டும் வளைந்து கீழே தொங்கியது. உங்கள் குடை அப்படித்தான் இருக்கும். மற்றப் பத்துப் படங்களிலும் குடை வெறும் அரை வட்டம்தான். குடையோ உங்கள் வீட்டில் இருந்தது.

"இதைய எங்க கண்ணு பாத்த?"

"செவுத்துச் சந்துல எட்டிப் பாத்தங்க. அவங்க நின்னாங்க. நான் ரோட்டு வழியாவே வந்துட்டனுங்க."

பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வது எனக்குக் கை வந்த கலை, உங்களுக்குத் தெரியாததா? கத்தினேன் டீச்சர். மேசையைத் தட்டிக் கத்தினேன். "செத்துப் போனவங்க எங்கயும் நிக்க மாட்டாங்க. எல்லாரும் ரப்பர எடுங்க. அழிங்க அதைய!" பிள்ளைகள் அழிக்க ஆரம்பித்தார்கள். வகுப்பு முழுக்க அந்த ஸ்ட்ராபெரி வாசனை. பதினோரு ரப்பர் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் மேசை மேசையாகப் போய், துகளை எல்லாம் கூட்டி எடுத்து என் இழுப்பறையில் போட்டேன். ஏன் அங்கே போட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

யாழினி மட்டும் தலையைத் தூக்கிக் கேட்டாள். "அப்போ அந்தக் குறுக்கு வழியா போலாங்களா டீச்சர்?"

"போ. யாரு வேண்டாம்னா?" என்றேன்.

இந்த வாயால்தான் சொன்னேன்.

சாயங்காலம் மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு, அடுத்த வாரப் பாடத்தை எழுத உட்கார்ந்தேன். உங்கள் பாடக் குறிப்பு நோட்டு அதுவரை பீரோவிலேயே கிடந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்க்க வேண்டுமே என்று மூன்று வாரமாக நான் அதைத் தொடவில்லை. அன்றைக்கு என்னவோ எடுத்தேன். வரைபடப் பாடத்தின் கீழே பென்சிலில் எழுதியிருந்தீர்கள்:

"குடை = போகக் கூடாத இடம். சாயப்பட்டறைக்குள் பழைய கழிவுத் தொட்டி. மேலே காய்ந்து, பனியன் வேஸ்ட் துணி விழுந்து, பார்க்கத் தரை மாதிரி இருக்கிறது. குழி என்று சொல்லக் கூடாது. சொன்னால் எவ்வளவு ஆழம் என்று எட்டிப் பார்க்கப் போவார்கள். அங்கே நான் நிற்கிறேன் என்றால் ஒருத்தரும் வர மாட்டார்கள். திங்கட்கிழமை அவளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்."

அவள் என்றால் நான்.

நோட்டை மூடினேனா என்றுகூட நினைவில்லை. வண்டிச் சாவியைத் தேட நேரமில்லை. இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதிரே துணி மூட்டை ஏற்றி வந்த டெம்போக்காரன் என்னைத் திட்டியது காதில் விழுந்தது. சாயப்பட்டறைச் சுவர் இடிந்த சந்துக்குள் முதுகு உரசிக் கிழிய நுழைந்தேன்.

உள்ளே போனதும் பாத்திரப் பட்டறைச் சத்தம் நின்றுவிட்டது. இத்தனைக்கும் பத்தடி வெளியே அது காதைத் துளைத்தது. உள்ளே எதுவுமே கேட்கவில்லை. எது தெற்கு என்று எனக்கே தெரியாமல் போனது. தரை முழுக்கப் பழைய சாயம் படிந்து நீலமும் சிவப்புமாகக் கிடந்தது. அங்கங்கே பனியன் வேஸ்ட் குவியல். ஈரத் துணியின் புழுங்கல் நாற்றம். நடுவில் சமமான, சாம்பல் நிறத் தரை. அதன் விளிம்பில் யாழினி அசையாமல் நின்றாள். ஒரு காலில் செருப்பு இல்லை. அந்தச் செருப்பு அவளுக்கு முன்னால் இரண்டடி தள்ளி, தரையில் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கையில் அது மெதுவாகச் சாய்ந்து, குமிழிகூட விடாமல் உள்ளே போய்விட்டது.

"கண்ணு," என்றேன். "சாமி, அப்படியே பின்னால வா. திரும்பாத. பின்னாலயே வா."

ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தாள். கை எட்டியதும் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். "ஏன் கண்ணு அங்கயே நின்னுட்ட?" என்று கேட்டேன்.

"போச் சொன்னீங்கன்னு வந்தனுங்க. செருப்பு கழண்டு முன்னால விழுந்துருச்சு. எடுக்கலாம்னு போனா, அவங்க இப்படிக் காட்டுனாங்க."

உள்ளங்கையைக் கீழே பார்த்து விரித்து, காற்றை இரண்டு தரம் அமுக்கிக் காட்டினாள். வரிசையில் ஓடுகிற பிள்ளைகளை நிறுத்த நீங்கள் காட்டுகிற சைகை. வாயைத் திறக்காமல் முப்பது பிள்ளைகளை நிறுத்துவீர்கள். நானும் எத்தனையோ தரம் அதைச் செய்து பார்த்திருக்கிறேன், எனக்கு ஒரு பிள்ளைகூட நின்றதில்லை.

எதிர்ப் பக்கத்தைப் பார்த்தேன். சீமைக்கருவேலஞ் செடி. அதன் முள்ளில் கறுப்பாக ஒரு பனியன் துணி மாட்டியிருந்தது. "அது துணி கண்ணு," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கம் பார்த்தாள். துணிக்கு நான்கடி தள்ளிப் பார்த்தாள்.

அன்றைக்கு லைன் வீடுகளில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன். "தரையின்னு நெனச்சுத்தான் வேஸ்ட்ட அங்க போட்டமுங்க டீச்சர்" என்று யாழினியின் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் நாலு பேர் முள்ளை வெட்டிப் போட்டுச் சுவர்ச் சந்தை அடைத்தார்கள். தொட்டியை மூடப் பஞ்சாயத்தில் மனுவும் கொடுத்தாயிற்று. சுற்றித் தகரம் அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. முள்ளை யாரோ குளிர் காய எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாழினியின் அம்மாவிடம் சொல்லவில்லை டீச்சர். "எம் புள்ளையக் காப்பாத்திக் குடுத்தீங்க" என்று அவர் என் கையைப் பிடித்து அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அதற்கு மறுவாரம் உங்கள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் வந்தார். உங்களிடம் இருந்த இன்னொரு பீரோச் சாவியையும் குடையையும் கொடுத்தார். "வீட்ல கெடந்து என்ன செய்யப் போவுது? நீங்களே வச்சுக்கிடுங்க டீச்சர்." அன்றிலிருந்து மணி அடித்ததும் அந்தக் குடையோடு சுவர்ச் சந்தில் போய் நிற்கிறேன். பிள்ளைகள் ரோட்டு வழியாகத் தாண்டிப் போகிற வரைக்கும் நிற்பேன். வெயிலோ மழையோ விரித்துத்தான் பிடிப்பேன். முதுகுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சில நாள் பட்டறைச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். அப்போதும் திரும்புவதில்லை.

இன்று அந்தத் துகளைக் கொட்டிவிட்டு வந்தவள், பிள்ளைகளிடம் படத்தாளை எடுத்துக் கொடுத்தேன். "அன்னைக்கு நான் அழிக்கச் சொன்னது தப்பு. மறுபடியும் வரைங்க," என்றேன். அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

யாழினி தன் படத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். சாயப்பட்டறை. நடுவில் சாம்பல் நிறம். இந்தப் பக்கம் சுவரோரம் ஒரு ஆள், கம்பி வளைந்த குடையோடு. அந்தப் பக்கம் இன்னொரு ஆள். அந்த ஆளிடம் குடை இல்லை, கையை மட்டும் நீட்டி உள்ளங்கையைக் கீழே விரித்திருந்தது.

"இது யாரு கண்ணு?"

"இந்தப் பக்கம் நீங்க. அந்தப் பக்கம் அவங்க."

"அவங்க குடை எங்க?"

என்னை ஏதோ விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அதான் உங்ககிட்ட குடுத்துட்டாங்கல்லங்க."

மணி நாலாகப் போகிறது. குடை என் நாற்காலியில் மாட்டியிருக்கிறது. வளைந்த கம்பியை நான் நிமிர்த்தவில்லை. இந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் டீச்சர். தகரம் வருகிற வரைக்கும் அந்தப் பக்கத்தை விட்டு நீங்கள் எங்கேயும் போய்விடாதீர்கள்.