வாக்குப் புத்தகத்தில் உன் பெயர்

சங்கமோன் ஆற்றங்கரை, இல்லினாய்
1834 ஆகஸ்ட் 14

அன்பு மகன் ஜோதமுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். காலினா ஈயச் சுரங்கத்தில் நீயும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இந்த வருடம் சோளம் நன்றாக வந்திருக்கிறது. அறுக்கத்தான் ஆள் இல்லை.

மார்ச் மாதம் உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. வாயிலிருந்து நாலு சொல் வருவதே பெரும்பாடு. உனக்கு எழுத வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நானும் அடங்கிப்போனேன். அடங்கிப்போவதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே. இரண்டு வருடம் முன்பு, காங்கிரஸ் சபைத் தேர்தலில் அவருடைய பழைய படைத்தலைவர் கர்னல் வெதர்லிக்கு எதிராக ஊர் கேட்க நீ ஓட்டுச் சொன்னாய் என்று உன்னை வீட்டை விட்டுத் துரத்தியபோதும், வாயைத் திறக்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அது இன்றும் என்னை அரிக்கிறது.

போன வாரம் மறுபடியும் தேர்தல். மறுபடியும் கர்னல் நின்றார். போயே தீருவேன் என்று அப்பா ஒரே அடம். ஒரு மாதமாகவே தொழுவத்தில் மாட்டின் முன் உட்கார்ந்து எதையோ சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். கர்னலின் பெயராகத்தான் இருக்கும் என்று எனக்கு எரிச்சல். வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனேன். பெண்பிள்ளைக்கு உள்ளே என்ன வேலை? ஓட்டு நடந்த நீதிமன்றத்தின் ஜன்னலுக்கு வெளியே வண்டியிலேயே இருந்தேன். பக்கத்து நிலத்து எஸ்ரா அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனான்.

எல்லாரிடமும் கேட்பதுபோல, யாருக்கு ஓட்டு என்று தேர்தல் நடுவர் கூட்டத்தின் முன்னால் கேட்டார். நன்றி சொல்லக் கர்னல் கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றார். அப்பா உன் பெயரைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அந்தப் பெயரில் யாரும் நிற்கவில்லை என்று நடுவர் பொறுமையாகச் சொன்னார். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

“ஜோதம் டில்லார்ட். என் மவன். எழுதிக்கோ.”

சிரிப்பு நின்றது. வாயால் சொன்ன ஓட்டை எழுதாமல் விட முடியாது. எழுத்தர் வாக்குப் புத்தகத்தில் எழுதினார். கர்னல் கையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நோயில் புத்தி குழம்பிவிட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சே இல்லை. சோளக்கூழும் இறங்கவில்லை. இலையுதிர் காலம் வரை தாங்காது என்கிறார் வைத்தியர்.

மகனே, நன்றாக இருந்த காலத்திலேயே அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவர் இல்லை. இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, ஊர் முன்னால், தனக்குத் தெரிந்த வழியில் கேட்டுவிட்டார். உனக்கு இன்னும் கோபம் இருந்தால் அதையும் கொண்டுவந்து என்மேல் கொட்டு. ஆனால் வா. வாசலைப் பார்த்தபடியே படுத்திருக்கிறார். ஆண்டவர் உன் படகைச் சீக்கிரம் கரை சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா கெசியா