ஒரே தடவைதான் கேட்கிறார்கள்

ஜெர்மனி,
12.10.1994

அன்புள்ள அம்மாவுக்கு அசீனாவின் ஸலாம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தா ஒழுங்காக மாத்திரை போடுகிறார்களா? நான் நலம், பசியைத் தவிர.

பதறாதீர்கள். இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எல்லாம் உங்கள் புத்திமதியால் வந்த வினை. ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போது என்ன சொன்னீர்கள்? "ஏட்டி, அடுத்த வீட்டுல கேட்டவுடனே தட்ட நீட்டிறாத. மொதல்ல வேண்டாம்னு சொல்லு. பொறவு அவியளே வற்புறுத்திப் போடுவாவ."

போட்டார்களாக்கும்! நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா ஹெல்கா, "இன்னும் கொஞ்சம் ரொட்டி?" என்றார். வேண்டாம் என்றேன். தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். தினமும் இதே கூத்து. தேவதானத்துக் கருத்தம்மாக்கா நம் வீட்டில் "வேண்டாந்தாயி, வேண்டாந்தாயி" என்றபடியே காபியைக் குடித்து முடிப்பாரே, அவர் இங்கே வந்தால் பட்டினியிலேயே போய்ச் சேர்ந்துவிடுவார். இந்த ஊர் வாழ்க்கையைக் கற்றுக்கொள் என்று கல்லூரியில் இவர் வீட்டில் தங்க அனுப்பினார்கள். நான் கற்றது இது ஒன்றுதான்.

நேற்று வெட்கத்தை விட்டு, கேட்டவுடனே வேண்டும் என்றேன். ஹெல்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். சாப்பிட்டதும், "வீட்டு நினைப்பாக இருக்கிறதா?" என்றார். பழக்கதோஷம், இல்லை என்றுவிட்டேன். "நல்லது" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். பாட்டிலை உங்கள் பழைய சேலைத்துணியில் சுற்றுங்கள், புதுத்துணி வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பதில் எழுதும்போது நீங்களாவது இரண்டு தடவை கேளுங்கள்.

அசீனா