கையெழுத்துக் கேட்ட அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ பொய்யன். கோபத்தில் எழுதவில்லை. உன்னை அந்தக் குடி மறுவாழ்வு விடுதியில் சேர்த்த படிவத்தில் உயரம், எடைக்குக் கீழே இதற்கும் ஒரு கட்டம் இருந்திருந்தால் அன்றைக்கே நிரப்பியிருப்பேன்.

இங்கே அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. லிப்ட் கம்பெனியில் உன் இடத்துக்கு வேறு மெக்கானிக்கைப் போட்டுவிட்டார்கள். அதை உனக்கு எழுதாதே என்றாள் அம்மா. எழுதிவிட்டேன்.

போன வாரம் போனில் நீ அவளிடம், "இங்க அடிக்கிறாங்கம்மா, வந்து கூட்டிட்டுப் போ" என்றாயாம். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒன்பது மாதச் சிகிச்சையில் நான்குதான் முடிந்திருக்கிறது. உன்னை வெளியே விடும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். "போட்டுத் தொலையேன்டி, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா" என்று காலையில் ஆரம்பிக்கிறாள். நான் வேலைக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பும் வரை கேட்கிறது.

முதல் விடுதியிலும் இப்படித்தான், குடிக்கத் தண்ணீர்கூடத் தருவதில்லை என்று அழுதாய். அப்போது கையெழுத்துப் போட்டது அம்மா. வெளியே வந்த அன்று மாலையே குடித்துவிட்டு வாசற்படியில் கிடந்துகொண்டு, "எப்படி நடிச்சேன் பார்த்தியா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். அதை மட்டும் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

போன ஞாயிறு உன்னைப் பார்த்துவிட்டு ஆலோசகரிடம் கேட்டேன். "முதல் ஆறு மாசம் எல்லாரும் இதைத்தாம்மா சொல்வாங்க" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஒரு மணி நேரமும் நீ நாற்காலியில் முதுகைச் சாய்க்கவே இல்லை. ஹெட்மாஸ்டர் முன்னாலேயே சரிந்து உட்கார்ந்து திட்டு வாங்கியவன் நீ.

அதுவும் நடிப்பா அண்ணா? நடிப்பு என்று தெரிந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். தங்கச்சி ஆசைப்படுகிற ஆசையா இது?

எங்கள் சலவைக்கூடத்துக்கு வேறொரு மறுவாழ்வு விடுதியின் விரிப்புகள் வருகின்றன. வசதியானவர்கள் தங்கும் இடம். தினமும் மாற்றுகிறார்கள், ஆளுக்கு இரண்டு தலையணை உறை. அங்கே அறைகளுக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாளாம், வண்டிக்காரர் சொன்னார். உனக்குப் போர்வையே வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு கூடத்தில் நாற்பது பேர், பூட்டு வெளிப்பக்கம். வியாதி ஒன்றுதான். அவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள், உங்களைக் காவல் காக்கிறார்கள். அந்த விரிப்புகளை நான்தான் இஸ்திரி போட்டு மடிக்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார்கள். படிக்கட்டும். படிக்கிற ஐயாவுக்கும் வணக்கம்.

மறுபடி குடித்தால் பிழைக்க மாட்டாய் என்று டாக்டர் ஈரல் ஸ்கேனைக் காட்டிச் சொல்லிவிட்டார். உள்ளேயே விட்டால் என்ன ஆவாய் என்று சொல்ல ஒரு டாக்டரும் இல்லை. உன்னைக் கேட்கலாம் என்றால், நீ எதைச் சொன்னாலும் எனக்கு அந்த வாசற்படிச் சிரிப்புதான் கேட்கிறது.

வருகிற ஞாயிறு தனியாக வருகிறேன். தாள் என் பையில் இருக்கும், பேனாவும் இருக்கும். காவலாள் பக்கத்தில் உட்கார்ந்தால் உட்காரட்டும். நீ வாயைத் திறக்க வேண்டாம். சத்தியம் செய்ய வேண்டாம், அழ வேண்டாம். நீ நல்லா இருக்கணும் அண்ணா, எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

வந்து நின்றதும் சட்டையைக் கழற்றித் திரும்பி நில்.

உன் தங்கை