ஈப்போவுக்குப் போன படம்

மே 4, ஞாயிறு, 1958

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. மாதாவின் வணக்க மாதம் தொடங்கியதால் கோயில் முழுக்கப் பூ.

பூசை முடிந்து வாசலில் சிநேகிதன் அந்தோணி பிடித்துக்கொண்டான். "சூசை, என் தங்கச்சிய ஒரு போட்டோ எடுத்துக் குடு லா. ஈப்போவுல ஒரு மாப்பிள்ளை, எஸ்டேட் கிராணி, ஆபீசுல கணக்கு எழுதுறவன். நல்ல குடும்பம். போட்டோ கேக்குறாங்க."

நான் வேலை செய்கிற ஸ்டூடியோவுக்கே கூட்டி வா என்றேன். கூடாதாம். சிராங்கூன் ரோட்டில் நாலு பேர் பார்ப்பார்களாம், பிறகு தட்டிப்போனால் அசிங்கமாம். ஏற்கெனவே இரண்டு இடம் நிறத்தைச் சொல்லித் தட்டிப்போனது. ஆகவே அவர்கள் வீட்டில் வைத்து எடுத்து, என் வீட்டிலேயே கழுவ வேண்டும். தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

அந்தத் தங்கச்சி ரெஜினாவுக்கும் எனக்கும் ஒன்றரை வருஷமாகப் பழக்கம் இருப்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் தோலை உரித்துவிடுவான். கோயிலில் ஒரே பெஞ்சு, நன்மை அப்பம் வாங்க ஒரே வரிசை. கல்யாணம் என்றால் மட்டும் நீ என்ன ஆளு, நான் என்ன ஆளு. நான் அவர்கள் ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

வாங்க வேண்டியது: படம் கழுவ ஹைப்போ, ஐஸ், அம்மாவுக்குத் தைலம்.

டப்பாவில் ஒரே ஒரு ஷீட் பிலிம் மிச்சம். அடுத்த சரக்கு எப்போது வரும் என்று கடைக்காரனுக்கே தெரியாது.

மே 10, சனி

வெயில். திரிஷா சைக்கிள் வண்டியில் பெட்டிக் காமிராவையும் முக்காலியையும் ஏற்றிக்கொண்டு கேலாங்கில் அவர்கள் வீட்டுக்கு. திரிஷாக்காரன் வழியெல்லாம் முனகல்.

ரெ. நீலப் புடவை. அவள் அம்மா பவுடர் டப்பாவோடு பின்னாலேயே அலைந்தார். "தம்பி, முகத்துல கொஞ்சம் பென்சில் போட்டுடுப்பா. உனக்குத் தெரியாததா?" எனக்கா தெரியாது! நெகடிவில் பென்சில் தீட்டினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். வாரத்துக்குப் பத்துக் கல்யாணப் பெண்களை இப்படித்தான் முதலாளி சிவப்பாக்குகிறார்.

காப்பி போட அம்மா உள்ளே போனார். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தேன். காமிராக் கண்ணாடியில் ரெ. தலைகீழாக. அப்படியே உட்கார்ந்தபடி, வாய் அசையாமல் பேசினாள்.

"பென்சில் போடக் கூடாது. என் நிறம் எப்படியோ அப்படியே விழணும்."

"ம்."

"அவங்க பார்த்துட்டு வேணாம்னு சொல்லட்டும். இதுவும் தட்டிப்போச்சுன்னா, நானே அண்ணன்கிட்ட உங்களப் பத்திப் பேசுறேன். அடிச்சாலும் பரவாயில்ல."

"சத்தியமா?"

"நீங்க சொல்லுங்க முதல்ல. நிறத்த மாத்த மாட்டேன்னு."

மாதா மேல் ஆணை என்றேன், துணிக்குள்ளிருந்தே.

ஒரு ஷீட். ஒரு கிளிக். கண்ணைக் கொட்டவில்லை. கெட்டிக்காரி.

காப்பியில் சர்க்கரை அதிகம்.

மே 11, ஞாயிறு

சாப்பாட்டுக்குப் பிறகு கழுவ இறங்கினேன். கீழ்வீட்டுச் சீனக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் பொதுவான குளியலறை, ஜன்னலில் கம்பளி, கதவிடுக்கில் கந்தல். இந்தப் பிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது, குருட்டிருட்டு வேண்டும். காப்பிக் கடையில் வாங்கிய ஐஸ் பாதி வழியிலேயே கரைந்துவிட்டது. மீதியை டெவலப்பர் தட்டின் அடியில் வைத்தேன். இந்த ஊர்த் தண்ணீரில் ஐஸ் இல்லாமல் பிலிம் கழுவுவது சுடுதண்ணீரில் சோப்புப் போடுகிற கதை, மேல் பூச்சு கரைந்து போகும்.

இருட்டில் கடிகாரம் தெரியாது. ஆகவே மாதாவின் அருள் நிறைந்த மந்திரம் சொல்லித்தான் எண்ணுவேன். தொழில் கற்ற நாளிலிருந்து அப்படித்தான். நிதானமாக இரண்டு பத்து சொல்லி முடிக்கும்வரை தட்டை ஆட்டினால் கணக்குத் தப்பாது. கை இரண்டும் மருந்தில் கிடப்பதால் செபமாலை உருட்ட வழியில்லை, எண்ணிக்கை மனசுக்குள்தான்.

முதல் பத்து ஒழுங்காகப் போனது. பிறகு சீன அம்மா கதவை இடித்தார். "சுடா கா? சுடா கா?" முடிந்ததா என்கிறார். "பெலும்!" இன்னும் இல்லை என்று கத்தினேன். எண்ணிக்கை அதனால் தப்பவில்லை, அவர் மேல் குற்றம் இல்லை. வாய் மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தது. மனசு மட்டும் அந்தோணி வீட்டு வாசலில் போய் நின்றது. ரெ. பேசுகிறாள், அவன் கையை ஓங்குகிறான், நான் குறுக்கே போகிறேன், சாமியார் வருகிறார், கடைசியில் கல்யாணம். கோட்டு சூட்டுகூடப் போட்டுக்கொண்டேன், வெட்கங்கெட்டவன். திரும்பி வந்தால் எத்தனையாவது என்று தெரியவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தெரியாது. மருந்தில் நேரம் குறைந்த படத்தை யாராலும் காப்பாற்ற முடியாது, கூடினால் எப்படியாவது சமாளிக்கலாம், தொழிலில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இரண்டாவது பத்தை முதலிலிருந்து மறுபடி சொன்னேன். ஐஸும் அதற்குள் தண்ணீராகிவிட்டது.

ஹைப்போவில் முக்கியெடுத்த பிறகு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முகம் இருக்கிற இடம் நெகடிவில் கரிக்கட்டை. அவ்வளவு தடிப்பு. பிரிண்டில் முகம் வெளுத்துத்தான் வரும். ஐயோ, சேசுவே.

மே 12, திங்கள்

வேலைக்குப் போகுமுன் அவசரமாக ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். எப்போதும் கொடுக்கிற வெளிச்சந்தான் கொடுத்தேன், எவ்வளவு கெட்டுவிட்டது என்று தெரியட்டும் என்று. தட்டில் முகம் மேலே வந்தது. கோதுமை நிறம். ரெஜினா மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அழகாகத்தான் இருந்தது. எழுதக் கூடாது, எழுதிவிட்டேன்.

சாயங்காலம் வந்து வெளிச்சம் கூட்டி, சரியான நிறத்தில் வேறு போட்டுக்கொள்ளலாம் என்று அதைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டுப் போனேன். மண்டூகம். கிழித்துப் போட்டிருக்க வேண்டாமா?

திரும்பி வந்தால் கொடியில் கிளிப் மட்டும்.

"அந்தோணி வந்தான், குடுத்துட்டேன்டா," என்றார் அம்மா. "என்னமா விழுந்திருக்கா அந்தப் பொண்ணு! ராசாத்தி கணக்கா. அவனுக்கு வாயெல்லாம் பல்லு."

செருப்புக்கூடப் போடாமல் கேலாங்குக்குப் பஸ் பிடித்தேன். அந்தோணி வாசலிலேயே நின்றான். "பதினோரு மணிக்கே தபால்ல போட்டாச்சு லா."

"அது சரியா வரல அந்தோணி. வேற போட்டுத் தர்றேன், அத அனுப்பு."

"இதவிட என்னடா சரியா வரணும்? உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" முதுகில் தட்டினான். உள்ளே ரெ. பாத்திரம் தேய்க்கிற சத்தம். அவள் படத்தைப் பார்க்கவே இல்லையாம். நேரே தபாலாபீசுக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

மே 18, ஞாயிறு

இரவெல்லாம் மழை. கோயில் வாசலில் தண்ணீர்.

பாட்டுக்காரர்கள் பக்கத்திலிருந்து ரெ. திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்கிற சிரிப்பு. சொல்லியிருக்க வேண்டும். அந்தோணி ஒட்டிக்கொண்டே நின்றான் என்பது ஒரு சாக்கு. எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம்.

சட்டைப் பித்தான் இரண்டு காணோம்.

மே 21, புதன்

பதில் வந்துவிட்டது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் ரயிலில் வருகிறார்கள். அந்தோணி ஸ்டூடியோவுக்கே வந்து முதலாளி முன்னால் சொன்னான். "எல்லாம் இவன் கைராசி." கடைக்குத் தெரியாமல் செய்த வேலை, முதலாளி என்னை முறைத்தார்.



மே 25, ஞாயிறு

பலகாரம் சுட ஒத்தாசைக்கு அம்மா கேலாங் போனார். நான் போகவில்லை. கட்டிலிலேயே கிடந்தேன்.

பொழுது சாயத் திரும்பி வந்த அம்மா முக்காட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாவம்டா அந்தப் புள்ள" என்றார். கேட்டுக் கேட்டுப் பிடுங்க வேண்டியிருந்தது.

ரெ. காப்பித் தட்டோடு வந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா காப்பியை வாங்கிக்கொண்டு, "நல்லதும்மா, இப்ப உன் தங்கச்சிய வரச் சொல்லு" என்றாராம். தங்கச்சியே கிடையாது என்று அவள் அம்மா சொன்னதும், அந்த அம்மாள் கைப்பையிலிருந்து படத்தை எடுத்து நடுக்கூடத்தில் நீட்டி, "அப்ப இது யாரு?" என்றாராம். ஏழு பேரும் படத்தைப் பார்ப்பதும் இவளைப் பார்ப்பதுமாக. ஒரு பெண் சிரித்துவிட்டாளாம். ரெ. கையில் தட்டோடு நின்றுகொண்டே இருந்தாளாம், யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பலகாரத்தைத் தொடாமல் போய்விட்டார்கள்.

என் கையை வெட்டிப் போட வேண்டும்.

மே 28, புதன்

அந்தோணி வந்து சத்தம் போட்டான். போடட்டும். "யாருடா உன்னப் பென்சில் போடச் சொன்னது?" உன் அம்மாதான் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பென்சில் படவே இல்லை என்றால் நம்பவா போகிறான்?

பிறகு உட்கார்ந்து அதே நெகடிவில் வேறு பிரிண்ட் போட்டேன். நாலு தாள் வீண். ஐந்தாவது, அவளேதான். கன்னத்தில் அந்த மினுமினுப்பு, எண்ணெய் தேய்த்த மாதிரி, அப்படியே. இதைப் பார்த்தால் அவளுக்குப் புரியும். புரிந்தாக வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மாதா கெபிப் பக்கம் அவள் தனியாக மெழுகுத்திரி ஏற்றிக்கொண்டிருந்தாள். உறையைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள்.

"இது நான்தான்" என்றாள். முகம் கொஞ்சம் இளகியது. எனக்குப் போன உயிர் வந்தது.

"புதுசா? எப்ப எடுத்தீங்க?"

"புதுசில்ல. அதே நெகடிவ்தான். வெளிச்சத்தக் கூட்டிப் போட்டேன். அன்னிக்கே இப்படித்தான் போட இருந்தேன்."

"இத அனுப்பியிருந்தா தபால்லயே வேணாம்னு சொல்லி அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னேன். இருட்டு, மந்திரம், மனசு அலைந்தது, எண்ணிக்கை தப்பியது, அம்மா எடுத்துக் கொடுத்தது. அவளை நினைத்துக்கொண்டிருந்ததால்தான் தப்பியது என்றும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கதை விடுகிற மாதிரி இருந்தது.

"செபமாலை மேல பழியப் போடாதீங்க."

"சத்தியமா ரெஜினா."

"சத்தியம் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வெள்ளையா வந்துச்சே, பார்த்ததும் உங்களுக்குப் பிடிச்சிச்சா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே! மூன்றெழுத்து. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வரவில்லை. அவ்வளவு நேரம் போதும் அவளுக்கு.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் நான் இன்னும் கொஞ்சம் வெள்ளையா இருந்திருக்கலாம். நீங்க ஒருத்தர்தான் அப்படியில்லன்னு நினைச்சிட்டிருந்தேன்."

அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். படத்தை உறையில் போட்டு மிசேல் பூசைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டடி போனவள் திரும்பினாள்.

"அண்ணன அனுப்புறேன். நெகடிவையும் குடுத்துடுங்க. உங்ககிட்ட இருந்தா எடுத்து எடுத்துப் பார்ப்பீங்க. எந்த நிறத்துல பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியாது."

நாலு மணிக்கு அந்தோணி வந்தான். வாசற்படி ஏறவில்லை. கையை மட்டும் நீட்டினான், கொடுத்துவிட்டேன்.