எனக்குப் பதிலாக வருகிறவள்

ராஜபாளையம்,
ஆவணி 28, சனிக்கிழமை.

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், வீடு நலம், வலது காலைத் தவிர்த்து நானும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆண்டாள் துணை நிற்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அந்தப் பக்கம் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறார், அவரைப் பெற்றவளைப் பற்றி நான் எப்படி வாய் திறக்க முடியும்? அதனால் இதை எழுதி, நான்காக மடித்து, கவரில் போட்டு ஒட்டி, பிரசவ லேகிய டப்பாவோடு சேர்த்துக் கட்டி, நாளை அப்பா கையில் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புகிறேன். திங்கட்கிழமை புறப்படுகிற உன் மாமியார் சீனியம்மாளே அதைச் சுமந்து வந்து உன் கையில் கொடுப்பாள். அவளைத் திட்டி எழுதியதை அவளே தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வருகிறாள் என்று நினைத்தால்தான், மூன்று வாரத்துக்குப் பிறகு எனக்குச் சோறு தொண்டையில் இறங்குகிறது. அவள் இவள் என்று எழுதுகிறேனே என்று கோபிக்காதே. நேரில் இன்னும் முறை வைத்து, மரியாதையாக மயினி என்றுதான் கூப்பிடுகிறேன்.

நடந்ததில் பாதியைத்தான் அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். உனக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிப்பதாக நேர்ந்திருந்தேன் அல்லவா, ஸ்ரீவில்லிபுத்தூர் போய், செருப்பைத் தெரிந்த கடையில் கழற்றிப் போட்டுவிட்டு, ரத வீதி முழுக்க வெறுங்காலோடு நடந்தேன். தார் ரோடு கொதிக்கிறது என்று கூட வந்தவர்கள் துள்ளித் துள்ளி நடந்தார்கள், எனக்கு ஒன்றுமே சுடவில்லை, ஆண்டாள் அருள் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். சர்க்கரைக்காரிக்குக் காலில் புண் ஆகாது என்று தெரியாதவளா நான்? ஆனால் டாக்டரிடம் போனால் விமானத்தில் ஏறாதே என்பார். முதல் பிரசவம் தாய் வீட்டு உரிமை, நீ இங்கே வர முடியாது என்பதால்தானே நான் அங்கே வருவதாகப் பேச்சு. பிறக்கிற பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சீனித் தண்ணீரை, அந்தச் சேனையை, நான்தான் தொட்டு வைக்க வேண்டும் என்று நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் அப்பாவிடமும் மூச்சு விடவில்லை. அவர் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிற துணியையே எடுத்துக் கட்டிக்கொண்டு, மேலே சாக்ஸ் மாட்டிக்கொண்டு, ஜெர்மனிக் குளிருக்குப் பழகுகிறேன் என்று சொல்லித் திரிந்தேன். அந்த மனிதரும் நம்பினார்.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, பிள்ளைக்கு வாங்கின வெள்ளி அரைஞாணைக் காட்டலாம் என்று ஆசையாய் உன் மாமியார் வீட்டுக்குப் போனேன். வாசல் குழாயில் வழக்கம்போலக் காலைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டேன், கட்டு நனைந்ததைக் கவனிக்கவில்லை. போன வருஷம் போட்ட வெள்ளை டைல்ஸ் என்று பெருமை அடித்துக்கொள்வாளே, அதில் வாசலிலிருந்து சோபா வரைக்கும் நான் வந்த தடம் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. "மயினி, இதென்ன ரத்தம்? கால இங்கிட்டுத் தூக்குங்க" என்று கேட்டு, நான் தடுக்கத் தடுக்க என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள், அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "நீங்க சந்தோசமாப் பொறப்படுத நேரத்துல நான் ஏன் மயினி சொல்லப்போறேன், ஆண்டாள் மேல சத்தியம்" என்றாள். காப்பி கொடுத்தாள், குங்குமம் கொடுத்தாள், பஸ் ஏற்றிவிட்டாள். என் பஸ் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் வந்து நிற்பதற்குள் உன் அப்பா அங்கே ஆட்டோவோடு நிற்கிறார். "ஏட்டி, கால அழுக விட்டுட்டு எந்த நாட்டுக்குப் போகப்போற?" என்று நடு ரோட்டில் சத்தம் போட்டார். அன்றைக்கே மதுரை, அன்றைக்கே பெட், பதினொரு நாள். நான் பெட்டில் கிடக்கும்போதே மாப்பிள்ளை என் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணி, தன் அம்மாவுக்குப் போட்டுவிட்டார். அவள் போன வருஷமே ஒரு தடவை வந்துவிட்டுப் போனவள், விசா கையில் இருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். நான் ஜனவரியில் வரலாமாம், அதுவும் டாக்டர் சரி என்றால்.

இப்போது ஊரெல்லாம் அவளுக்குக் கோவில் கட்டாத குறை. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பாதத்தை எடுத்திருக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னாராம், அதை உன் அப்பா பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி, சம்பந்தியம்மா தெய்வம் மாதிரி என்று முடிக்கிறார். அதற்காகவே அவருக்கு ஒரு வாரம் எனக்குப் போடுகிற அதே உப்பில்லாத சாப்பாடுதான் போட்டேன். சத்தியம் பண்ணி முதுகில் குத்தினவளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பிரியா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தப் புண்ணை டாக்டர் சுரண்டும்போது கூட எனக்கு வலிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு யாருடைய காலோ போல இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பயந்ததற்கும் சேர்த்து அவள்மேல்தான் கோபம் வருகிறது, என்ன செய்வது.

நேற்று சாமான்களை வாங்கிப்போக வந்தாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா என்று காத்திருந்தேன். லேகியத்தை மட்டும் நிறுத்திக்கொண்டு, காயப்பொடி, பூண்டு ஊறுகாய், பருப்புப் பொடி, நல்லெண்ணெய், பழைய வேட்டித் துணி என்று விமானத்தில் விடுகிற முப்பது கிலோவில் இருபத்தாறு கிலோவை நானே நிரப்பிவிட்டேன். அவள் ஆசையாய் எடுத்து வைத்திருந்த பட்டுச் சேலை நாலும் ஊரிலேயே நிற்கிறது. பூண்டு ஊறுகாய் வாசனை அவளுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும், நன்றாக மேலே வைத்திருக்கிறேன். உன் வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்பதை நான் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை, மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக் கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்குச் சந்தோஷம். ரசம் வைத்தால் அம்மா ரசம் மாதிரி இல்லை என்று சொல், தினமும் சொல். அவள் எனக்குச் சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர் செருப்பு ஒன்று வாங்கி வந்திருந்தாள், "இனி வீட்டுக்குள்ளயும் வெறுங்காலோட நடக்கக் கூடாது மயினி, பொறவு வருத்தப்பட்டுப் பிரயோசனமில்ல" என்றாள். வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அளவு சரியா என்று மட்டும் போட்டுப் பார்த்தேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "சேனை யாரு வைக்க மயினி? உரிம உங்களுக்குத்தான், நீங்க யாரச் சொல்லுதீகளோ அவிய வைக்கட்டும்" என்று கேட்டாள். என் மகளுக்கு எழுதுகிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கை பிள்ளை நாக்கில் படவே கூடாது, மாப்பிள்ளையை வைக்கச் சொல், இல்லாவிட்டால் அங்கே உள்ள நர்ஸை வைக்கச் சொல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சேனை வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அப்படியானால் நான் வந்து வைத்திருந்தால் என்ன குணம் வந்திருக்கும் என்று யோசித்தேன். கால் அழுகினாலும் சாக்ஸ் போட்டு மறைக்கிற குணம். நீ ஏழாவது மாதம் காய்ச்சலில் கிடந்ததை எனக்குச் சொல்லாமல் மறைத்தாயே, அது எங்கிருந்து வந்தது? அதனால் அவளையே வைக்கச் சொல். சீனித் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொன்னால் உன் பாலில் ஒரு சொட்டை விரலில் தொட்டு வைக்கட்டும். நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. பிள்ளைக்கு அவள் குணம் வந்தால், பேசத் தெரிந்த நாளிலிருந்து அவள் செய்வதை எல்லாம் உன்னிடம் ஒன்று விடாமல் போட்டுக்கொடுக்கும். அதுதான் நான் அவளுக்குக் கொடுக்கிற தண்டனை.

பத்து மாதமும் நிறைந்து, தாயும் பிள்ளையும் வேறாகி, நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம்தான். லேகியத்தைக் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடு, தலையில் ஈரத்தோடு படுக்காதே. முக்கியமாக ஒன்று, ராத்திரியானாலும் பகலானாலும் உனக்கு எங்கே வலித்தாலும், அல்லது வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்காமல் இருந்தாலும், எனக்குப் போன் பண்ணாதே. நான் பேசாமல் பொறுத்துக்கொள் என்றுதான் சொல்லுவேன். பக்கத்து அறையில் படுத்திருக்கிறவளை எழுப்பிச் சொல்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
ஜெயசித்ரா