கடைசி வரி, வலமிருந்து இடம்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில். கண் பிரிவு மின்விசிறியில் சத்தம் உண்டு, காற்று இல்லை.

சனிக்கிழமை கற்றல் குழு. மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் கண் பரிசோதிக்கும் நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒருமுறை கூடி, ஆளுக்கொரு தப்பைச் சொல்ல வேண்டும். சொந்தத் தப்பு. அடுத்தவர் தப்பைச் சொல்லக் கூடாது என்பது விதி. போன மாதம் நான் சொன்னது: கண்ணாடிச் சீட்டில் வலது இடது மாற்றி எழுதினேன் என்று. பொய். இருபது வருஷ சர்வீஸில் அப்படி எழுதியதே இல்லை. ஆளை விட்டால் போதும் என்று சொன்னது.

இப்போது புதுத் தொல்லை. ஒருவர் வேலை செய்வதை இன்னொருவர் அரை நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். எனக்கு வாய்த்தது ஆரோக்கியராஜ். சொந்த ஊர் சேலம் ஃபேர்லேண்ட்ஸ், முப்பது வயதுகூட இல்லை. இனி ஆ.ரா.; முழுப்பெயருக்கு மை வீண்.

வாங்க: டார்ச் பேட்டரி, உளுந்து, தைலம்.

தம்பி செந்தில் போன். லாரியில் நாக்பூர் லோடு ஏற்றுகிறானாம். ஆ.ரா. வரப்போவதைச் சொல்லிப் புலம்பினேன். "அவன் மூஞ்சிய நெனச்சு ஒடம்பக் கெடுத்துக்காதக்கா." சிரித்தேன். இன்றைக்கு ஒரே சிரிப்பு அதுதான்.

ஜூன் 12, வியாழன்

ஆ.ரா. எட்டே முக்காலுக்கே ஆஜர். மூலையில் ஸ்டூல், மடியில் நோட்டு. நான் தும்மினாலும் எழுதுவான் போல.

பத்து மணிக்குப் புதுச்சத்திரம் பழனிசாமி, லாரி டிரைவர். லைசென்ஸ் புதுப்பிக்கப் பார்வைச் சான்று. நான் அளவு எழுதினால் டாக்டர் கையெழுத்துப் போடுவார். வலது கண்ணில் சார்ட்டின் கடைசி வரி வரை படித்தார். இடது கண்ணிலும் அப்படியே, தடதடவென்று. பேனாவை எடுத்தேன்.

"ஒரு நிமிசம் மேடம். ஐயா, அதே கண்ணுல கடைசி வரிய வலப்பக்கமிருந்து படிங்க" என்றான் ஆ.ரா.

"திருப்பியெல்லாம் ஆருங்க படிப்பாங்க?" பழனிசாமிக்கு வியர்த்துவிட்டது.

"செரிங்க, இது எத்தன விரலு?"

பொத்திய கையை எடுத்துக் கும்பிட்டார். அப்புறம், "சாமி, வண்டிய உட்டா எனக்கு வேற பொழப்பில்லீங்க."

டார்ச் அடித்துப் பார்த்தோம். இடது கண், வெளியே பார்த்தால் நல்ல கண். உள்ளே நரம்பு செத்திருக்கிறது. வலது கண்ணில் படித்ததை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார். போன தடவையும் நான்தான் சான்று எழுதினேனாம்.

வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் இது. வெட்கம் இல்லை, எரிச்சல்தான். இல்லை, வெட்கமும்தான்.

கிளம்பும்போது உபதேசம்: "காத்திருக்கற பெஞ்சுல உக்காந்தாலே சார்ட் தெரியுதுங்க மேடம். எடத்த மாத்துங்க." போன வருஷம் இடம் பார்த்து ஆணி அடித்துக் கொடுத்தவன் என் தம்பி. நீ யாருடா மாற்றச் சொல்ல? (கேட்கவில்லை.)

அவனுக்கும் சேர்த்துத் தயிர்சாதம் கொண்டுபோயிருந்தேன். கொடுக்கவில்லை. இரண்டு டப்பாவையும் நானே தின்றேன்.

ஜூன் 14, சனி

புழுக்கம். நாமக்கல் பஸ்ஸில் நின்றுகொண்டே பதில்கள் தயார் செய்தேன். கூட்டம் அதிகம். நேரம் இல்லை. டிரைவர் ஏமாற்றினால் நான் என்ன செய்ய.

ஒன்றும் தேவைப்படவில்லை. ஆ.ரா. எழுந்து, பள்ளி முகாமில் விரலிடுக்கு வழியே பார்த்துப் படித்த ஒரு பெண்ணுக்கு 'பார்வை சரி' என்று எழுதிவிட்ட தன் தப்பைச் சொன்னான். என் அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரிய மகான்! திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

என் முறை. வலது இடது மாற்றி எழுதினேன் என்றேன்.

"அது போன மாசமே சொன்னீங்களே அக்கா" என்றாள் எருமப்பட்டி ஆஸ்பத்திரிக்காரி. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஆ.ரா.வும். அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

திரும்பும் வழியில் மருத்துவமனையில் இறங்கினேன். சார்ட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன். அவன் சொன்னதற்காக அல்ல. அது மாட்டிய நாளிலிருந்து சான்று வாங்கிய டிரைவர்களைப் பதிவேட்டில் தேடினேன். முதல் பெயர், ஆணி அடித்த அன்றைக்கே, என் கையெழுத்தில்: செந்தில்குமார். வலது 6/6. இடது 6/6, முழுப் பார்வை.

போன் போட்டேன். சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறான்.

"எங்கடா இருக்கே?"

"டோல்கேட்டுல நிக்கறன்க்கா."

"வலது கண்ணப் பொத்திக்கிட்டு முன்னால நிக்கிற வண்டி நம்பரப் படி."

சிரித்தான். பின்னால் ஹாரன்.

"படிடா, செந்திலு."

"அக்கா, ஆருகிட்டயும் சொல்லிராத."

"வண்டிய அங்கயே ஓரங்கட்டு" என்றேன். வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.