ராவுத்தர் அறையின் மேற்கு ஜன்னல்

15-4-74, திங்கள்

காலையிலேயே அனல். சுண்ணாம்பு மூட்டை மல்லாங்கிணறு பஸ்ஸில் வந்து இறங்கியது. இரண்டு மூட்டை ஈரம்.

நூல் வியாபாரிகள் சங்கக் கட்டடம், நான் வரைந்தது. நாலு மாடி, மேற்கே முழுக்கக் கண்ணாடி. பஜாரிலிருந்து பார்த்தால் அருப்புக்கோட்டையிலேயே அழகு. உள்ளே மத்தியானம் உட்கார முடியாது. குமாஸ்தாக்கள், தறி வீட்டில் செய்கிற மாதிரி, ஈரச் சாக்கைக் கண்ணாடி மேல் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால் இருட்டு. பகலெல்லாம் டியூப்லைட். கரண்டு போனால் அதுவும் இல்லை. சாயநூல் நிறம் பார்க்கத் தெருவுக்கு இறங்கி ஓடுகிறார்கள்.

என் பிளான்:
மேற்கு ஜன்னலுக்கு வெளியே காங்கிரீட் பலகைகள். நட்டமாக, முகம் வடக்கே சாய்த்து. வெயில் பலகையோடு நின்றுவிடும், வெளிச்சம் உள்ளே வரும்.
மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், மேலே தட்டை ஓடு.
டியூப்லைட்டில் பாதியைக் கழற்றலாம்.

சங்கத் தலைவர் கேட்டுவிட்டு: "ஒரு ரூமுல செஞ்சு காட்டுங்க தம்பி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நானே வந்து உக்காருவேன். சரிப்படலைன்னா கண்ணாடியப் பேத்துட்டுச் செங்கல் வச்சு அடைச்சிருவோம்."

அடைத்தால் அது ஆபீஸ் இல்லை. குடோன்.

ரூம்: மூன்றாவது மாடி, காசிம் ராவுத்தருடையது. சாயநூல் ஏவாரம். காலி செய்யப் போவதாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள், மாடியே காலி.

மெஸ்ஸில் சாப்பாடு. என்ன குழம்பு, ஞாபகம் இல்லை.

17-4-74, புதன்

மொட்டை மாடியில் குச்சி நட்டு நிழல் பார்த்தேன். பங்குனியில் நேர் மேற்கே இறங்குகிற சூரியன் வைகாசியில் வடக்கே ஒதுங்கிவிடும். அதற்கும் சேர்த்துச் சாய்க்க வேண்டும். படத்தில் திருத்தம். கோடு சுத்தமாக வந்தது.

கட்டடத் திறப்பன்று சரோஜா வந்திருந்தாள். மூன்றாவது மாடி ஏறியதும் முந்தானையால் என் பிடரியைத் துடைத்துவிட்டு, "இத வரைஞ்சவுக ஒரு மத்தியானமாச்சும் இங்க உக்காந்து பாத்தாகளாமா?" வீட்டில் எங்களுக்குத் தெலுங்கு. கேலி மட்டும் தமிழில்.

ஐப்பசியில் காய்ச்சல். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

குடை ரிப்பேருக்குக் கொடுக்க.

22-4-74, திங்கள்

பலகைகளை நேற்றே ஏற்றியாகிவிட்டது. போய்ப் பார்த்தால் எல்லாம் சுவருக்கு நேராக நிற்கின்றன. சாய்வே இல்லை. கருப்பையா கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

"என்ன கொத்தனாரே, நேரா நிக்குது?"

"மூலைமட்டம் வச்சு நாந்தேன் நேராக்குனேன் சார்."

"படத்துல சாஞ்சுல்ல இருக்கு?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "வீட்டம்மாவுக்கு அப்படி ஆகிப்போச்சு. ஏதோ நெனப்புல கோடு சாஞ்சிருச்சாக்கும்னு... கேட்டா சங்கடப்படுவீக. அதான் நானே திருத்திட்டேன்."

சிரித்துவிட்டேன். ஐப்பசிக்குப் பிறகு இன்றுதான். அவரும் பயந்து பயந்து சிரித்தார்.

நாலு மணிக்கு அவரை ராவுத்தர் நாற்காலியில் உட்காரவைத்தேன். நேர்ப் பலகைகளின் இடுக்கு வழியாக வெயில் அவர் மடியில் வந்து விழுந்தது.

"அட, ஆமாய்யா. கழட்டிருவோம்."

கலவை இன்னும் இறுகவில்லை. தப்பித்தோம்.

24-4-74, புதன்

சாய்த்து நிறுத்தியாகிவிட்டது. எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "ஏலே கருப்பையா, என்னலே பல்லு வரிசை கோணலா இருக்கு?"

"பேசாம டீய ஆத்துலே. வைகாசியில வந்து பாரு, அப்பத் தெரியும்."

நான் சொன்னதை அவர் சொல்கிறார், அவரே கண்டுபிடித்த மாதிரி. சொல்லட்டும்.

சாக்குகளை அவிழ்க்கச் சொன்னேன். குமாஸ்தாவுக்கு மனசில்லை. மடித்துப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

26-4-74, வெள்ளி

மேகம் இல்லை. நல்லது. மேகம் இருந்தால் சோதனையே இல்லை.

ராவுத்தர் தொழுகை முடிந்து வந்தார். மூன்று மணிக்குத் தலைவர். நாற்காலியை ஜன்னலை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கதவோரம்.

பாலவனத்தத்திலிருந்து ஒரு நெசவாளி அரக்குச் சாயம் போட்ட நூல் கழி கொண்டுவந்தார். வழக்கம்போல் வாசல் படியிலேயே நின்றார், தெருவுக்கு இறங்கத் தயாராக. ராவுத்தர் கழியை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். பிரித்தார். நகத்தால் கீறினார்.

"நீலம் தூக்கலா இருக்குப்பா. இது அரக்கா? கத்திரிக்கா."

"தெருவுல வந்து பாருங்க பாய்."

"எதுக்கு? இங்கனயே தெரியுதே."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைப் பார்த்தார்.

தலைவர் எழுந்து சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. "எப்ப போச்சு கரண்டு?" குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

தலைவர்: "மத்த ரூமுக்கும் பலகைய வார்த்திருங்க தம்பி. மொட்டை மாடியும் பாத்துருங்க."

ராவுத்தர்: "காலி பண்றேன்னு சொன்னத மறந்துருங்க."

எல்லாரும் போன பிறகு சாவியை வாங்கிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பஞ்சாலைப் புகைபோக்கிக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற வரை. பிடரியைத் தொட்டுப் பார்த்தேன்.

வேர்க்கவில்லை, சரோஜா.